பின் நுழைந்துவிட்டால் போதுமா? ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்கு அடாப்டர் வாங்குவது பற்றி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. செய்திமடலுக்காக எழுத்தாக்கப்பட்டது.)



தண்ணீர் மோட்டார், லிஃப்ட், பார்க்கிங் பேசுகிற இடத்தில் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். செயலாளர்தான் பேசச் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் டி.வி. சத்தம், பாட்டுச் சத்தம் என்று புகார் வந்த பிறகு, நம் குடியிருப்பில் ஹெட்ஃபோனுக்கு மாறியவர்கள் கணிசம். ஹெட்ஃபோனில் சத்தம் போதவில்லை என்று சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சட்டைப் பையில் வைக்கக்கூடிய சாதனம். அண்டை வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் ஆறு மாதத்தில் மூன்று பேர் அதைச் செத்த நிலையில் என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் ஆம்ப்ளிஃபயர் மேல் குற்றம் இல்லை. அதற்குக் கரண்ட் கொடுத்த அடாப்டர்தான் காரணம்.

நம் வீடுகளில் எல்லாம் ஒரு மேசை டிராயர் உண்டு. பழைய மோடத்தின் அடாப்டர், செட்-டாப் பாக்ஸ் அடாப்டர், குழந்தையின் கீபோர்டு அடாப்டர், எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் அடாப்டர், எதற்கென்றே தெரியாத நாலைந்து. தூக்கிப் போட மனசு வராது. ஆம்ப்ளிஃபயரோடு வந்த அடாப்டர் தொலைந்துவிட்டால் கை தானாக அந்த டிராயருக்குப் போகும். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்போம். எது நுழைகிறதோ அது சரி என்று முடிவு செய்துவிடுவோம். இந்த முடிவைப் பற்றித்தான் இன்று பேச்சு.

பின் நுழைவதற்கும் மின்சாரம் பொருந்துவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர் உள்ள அந்த உருண்டைப் பின் 5 வோல்ட் அடாப்டரிலும் வருகிறது, 9 வோல்ட்டிலும் வருகிறது, 12 வோல்ட், 19 வோல்ட்டிலும் வருகிறது. பின் செய்கிற கம்பெனி பின்னைத்தான் செய்கிறது. அதன் வழியே என்ன ஓடப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. என்னிடம் வந்த மூன்றில் ஒன்று 5 வோல்ட்டில் சார்ஜ் ஆக வேண்டியது. அதற்கு 12 வோல்ட் செட்-டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகியிருக்கிறார்கள். உள்ளே லித்தியம் பேட்டரிக்கு அளவோடு சார்ஜ் கொடுக்கிற சின்னச் சில்லு ஒன்று இருக்கும். அந்த வகைச் சில்லுகளில் பெரும்பாலானவை ஆறு ஏழு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அது கருகியது. பேட்டரி ஊதாமல் இருந்தது அந்த வீட்டாரின் அதிர்ஷ்டம். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிற சாதனம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை லேபிளைப் படிப்பது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். செல்ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அடாப்டரில் இன்புட் என்று ஒரு வரி, அவுட்புட் என்று ஒரு வரி. இன்புட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் நம் 230 வோல்ட்டுக்குச் சரி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வாங்கி அனுப்பியதில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அதை இங்கே சுவரில் செருகவே கூடாது. நாம் உட்கார்ந்து படிக்க வேண்டியது அவுட்புட் வரி. அதில் நான்கு சங்கதிகள் இருக்கின்றன: ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், பின்னின் நடுப்பகுதி கூட்டலா கழித்தலா. இந்த நான்கும் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலோ அதன் கையேட்டிலோ எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நம் மொட்டை மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தரைத்தளக் குழாயில் தண்ணீர் சீறும். மேல் மாடியில் நூலாக ஒழுகும். அந்த அழுத்தம்தான் வோல்ட். அது சாதனம் கேட்கிற அளவில் இருக்க வேண்டும், கூடக் கூடாது. ஆம்பியர் என்பது தொட்டி எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. தொட்டி பெரிதாக இருப்பதால் உங்கள் டம்ளர் உடையாது. எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பிடித்துக்கொள்வீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 300 மில்லியாம்ப் வேண்டும் என்று இருந்தால் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம், 2 ஆம்பியரும் போடலாம். 200 மில்லியாம்ப் போடக் கூடாது. அடாப்டர் சூடாகும், வோல்ட் இறங்கும், பாட்டில் பாஸ் வருகிற இடத்தில் இரைச்சல் எழும்பும்.

அந்த இரண்டாவது ஆள் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணாச்சி, 9 வோல்ட் என்றுதானே போட்டிருந்தது, பிறகு எப்படிப் போச்சு?" அது பழைய கனமான அடாப்டர். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். வோல்ட்டைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிற சர்க்யூட் கிடையாது. இந்த வகையில் 9 வோல்ட் என்பது லேபிளில் எழுதியிருக்கிற முழு ஆம்பியரும் இழுக்கும்போது கிடைப்பது. ஒன்றும் இழுக்காதபோது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12, 13, சிலதில் 14 கூடக் காட்டும். கையடக்க ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் சில பத்து மில்லியாம்ப் மட்டுமே இழுக்கும். ஆகவே அதற்குப் போய்ச் சேருவது 9 அல்ல, 13. ரெகுலேட்டட் என்று லேபிளில் இருந்தால் அது எப்போதும் 9-தான் கொடுக்கும். கைக்குக் கனமாக, கட்டியாக இருக்கிற பழைய அடாப்டர் எதையும் அளந்து பார்க்காமல் செருகாதீர்கள்.

கூட்டல் கழித்தல் விஷயத்துக்கு வருகிறேன். லேபிளில் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வாய் திறந்த வட்டம், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கோடு. புள்ளிக்குப் போகிற கோட்டின் முனையில் கூட்டல் குறி இருந்தால் நடுப்பின் கூட்டல். இன்றைக்கு வருகிற பெரும்பாலான சாதனங்கள் இப்படித்தான். ஆனால் கிட்டார் வாசிக்கிறவர்கள் காலால் மிதிக்கிற பெடல்கள், சில பழைய கீபோர்டுகள் இவற்றில் நடுப்பின் கழித்தல். அதே 9 வோல்ட், அதே பின், தலைகீழ். மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் இப்படித்தான் போனது. வீட்டில் கீபோர்டு படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த அடாப்டரில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.

பின்னின் உள்துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வருகிறது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். 2.5 உள்ளதை 2.1 சாக்கெட்டில் போட்டால் நுழையும், ஆனால் லொடலொடவென்று ஆடும். ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வரும். ஆம்ப்ளிஃபயர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஏ.சி., டி.சி. பற்றித் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அடாப்டர் என்றாலே டி.சி.தான் கொடுக்கும் என்று நாம் பழகிவிட்டோம். 2011-இல் என்டபிள்யூ-ஏவி-கை என்ற புனைபெயரில் ஒருவர் ஆப்ஜெக்டிவ்-2 என்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வடிவமைத்து, சர்க்யூட்டை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். ஆள் யாரென்று தெரியாது. மறு வருஷமே எழுதுவதை நிறுத்திவிட்டார். ஓ-2 என்று சுருக்கிச் சொல்வார்கள். பல நாடுகளில் பல பேர் அதைக் கட்டி விற்றார்கள், நம் நாட்டுக்கும் வந்தது. அதில் 9 வோல்ட் அளவில் இரண்டு சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி இருக்கும். அதற்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது சுமார் 15 வோல்ட் ஏ.சி. டி.சி. அல்ல. வெறும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள அடாப்டர். ஏ.சி. அலையின் மேல் பாதியிலிருந்து கூட்டல் 12 வோல்ட்டையும், கீழ்ப் பாதியிலிருந்து கழித்தல் 12 வோல்ட்டையும் உள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. டி.சி. கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். ஏ.சி. அடாப்டரின் லேபிளில் அவுட்புட் பக்கம் அலை போல ஒரு நெளிகோடு இருக்கும். டி.சி.க்கு ஒரு நேர்கோடு, அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடு. அந்த நெளிகோட்டு அடாப்டரைத் தவறுதலாக மற்ற சாதனத்தில் போட்டால் அதன் கதி அதோகதி.

அதே ஓ-2-வில் இன்னோர் எச்சரிக்கை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடையில் சாதாரண 9 வோல்ட் பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டு அடாப்டரையும் செருகக் கூடாது. சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முயன்றால் அது கசியும், வெடிக்கவும் கூடும். பேட்டரியும் அடாப்டரும் சேர்ந்து இருக்கிற எந்தச் சாதனத்துக்கும் இது பொருந்தும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். பொருத்தமான வோல்ட், பொருத்தமான பின், எல்லாம் சரி. ஆனாலும் காதில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் அல்லது "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல். ஸ்பீக்கரில் கேட்டால் தெரியாது, ஹெட்ஃபோனில் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தாழ்ந்த ரீங்காரம் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரின் வேலையாக இருக்கலாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 அலை. அதை டயோடு போட்டு டி.சி. ஆக்கும்போது 100 அலையாக ஒரு நடுக்கம் எஞ்சும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிற ஐ.சி. இந்தத் தாழ்ந்த நடுக்கத்தைப் பெரும்பாலும் தானே விழுங்கிவிடும். இன்றைய எடை குறைந்த அடாப்டர்கள் எஸ்.எம்.பி.எஸ். வகை. அவை மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி இறக்குகின்றன. அந்த வெட்டு நம் காதுக்கு எட்டாது. ஆனால் அலை வேகம் கூடக் கூட ஐ.சி.க்கு அதை விழுங்குகிற திறன் குறைந்துகொண்டே போகும். மிச்சம் பாட்டோடு கலந்து இரைச்சலாக வரும். நல்ல அடாப்டரில் இதை வடிகட்டத் தனியாகப் பாகங்கள் இருக்கும். மலிவு அடாப்டரில் முதலில் கழற்றப்படுவது அந்தப் பாகங்கள்தான்.

சோதிக்க ஒரு சுலப வழி. வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் எடுங்கள். நம் ஊர்க்காரர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த ரேடியோ எங்காவது பரணில் கிடக்கும். மீடியம் வேவில் வையுங்கள். தூத்துக்குடி நிலையத்தின் 1053-இல் வைக்காதீர்கள். உள்ளூர் நிலையத்தின் வலுவில் வேறெதுவும் கேட்காது. நிலையம் எதுவும் இல்லாத காலி இடத்தில் வைத்து, அடாப்டரைச் செருகி, ரேடியோவை அதன் பக்கத்தில் கொண்டுபோங்கள். நல்ல அடாப்டர் என்றால் ஒரு சாண் நெருங்கும்போது லேசாகக் கரகரக்கும். மோசமானது அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்தும். அளவுகோல் அல்ல இது, ஆனால் இரண்டு அடாப்டரை ஒப்பிட இதைவிட மலிவான கருவி கிடையாது. சில எல்.ஈ.டி. பல்புகளும் இதே மாதிரி கத்தும். ஆகவே பல்பை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இதற்காகவே ஆம்ப்ளிஃபயரைவிட அதிக விலையில் லீனியர் பவர் சப்ளை என்று ஒன்று விற்கிறார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அலுமினியப் பெட்டி, எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். மேசையில் நிரந்தரமாக இருக்கிற பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அது அர்த்தமுள்ள செலவாக இருக்கலாம். உள்ளேயே பேட்டரி இருக்கிற கையடக்கச் சாதனத்துக்கு அது வேண்டாத செலவு என்பது என் கருத்து. இங்கேயே இரண்டு பேர் மாற்றுக் கருத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பிறகு பேசிக்கொள்வோம். பேட்டரியைவிடச் சுத்தமான டி.சி. எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. 50 அலையும் இல்லை, வெட்டும் இல்லை, சுவரோடு தொடர்பே இல்லை. பகலில் சார்ஜ் ஏற்றுங்கள். இரவில் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் பிரச்சினையில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும். பிறகு அடாப்டர் வாங்கும்போது ஒலித்தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் போதும்.

பாதுகாப்பு என்றேன். முத்துக்குளித்தலை இந்தக் கரையில் நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. தண்ணீருக்குள் இறங்குகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தோணியில் கயிறு பிடிக்கிறவரை நம்பித்தான் இறங்க வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறவருக்கும் சுவரில் இருக்கிற 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அந்த அடாப்டருக்குள் இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளியும் கொஞ்சம் இன்சுலேஷனும்தான்.

எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் மாட்டிய உலோகச் சாதனத்தைத் தடவினால் விரலில் "சுருசுரு" என்று ஓர் உணர்வு வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். லேப்டாப்பில் நன்றாகத் தெரியும். இரண்டு பின் அடாப்டரில் எர்த் கிடையாது. இரைச்சலை அடக்க உள்ளே சுவர்ப் பக்கத்தையும் சாதனப் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய அளவு கசியும். தரமான அடாப்டரில் இது கால் மில்லியாம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதி. ஆபத்தில்லை, எரிச்சல்தான். ஆனால் அந்தக் கப்பாசிட்டருக்குப் பதில் கண்டதை வைத்துக் கட்டிய அடாப்டரும் இதே மாதிரித்தான் சுருசுருக்கும், அது உடைகிற நாள் வரை. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் இரண்டிலும் லைட் எரியும். அதை வைத்து எது எது என்று சொல்ல முடியாது. காதில், கன்னத்தில் சுருசுரு தெரிந்தால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

அப்படியென்றால் எதை நம்புவது? நம் நாட்டில் 2012-ஆம் வருட மின்னணுப் பொருட்கள் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. லேபிளில் ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், அதோடு "ஆர்" என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும் இருக்கும். அச்சடிப்பது யாருக்கும் சுலபம்; ஆகவே அதோடு நிற்காதீர்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசின் செயலி இலவசம். அதில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று காட்டும். அடாப்டரில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால், அல்லது அது எல்.ஈ.டி. பல்புக்கு வாங்கிய எண் என்று வந்தால், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் நின்றுகொண்டே செய்யலாம், இரண்டு நிமிட வேலை. தெருவோரக் குவியலில் வாங்குவதற்கும் இதற்கும் விலை வித்தியாசம் ஒரு குடும்பம் ஒரு வேளை டிபன் சாப்பிடுகிற காசு.

கம்ப்யூட்டரோடு ஆம்ப்ளிஃபயரை இணைத்துக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு ரீங்காரம் உண்டு. கம்ப்யூட்டருக்கு எர்த் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் அடாப்டருக்கும் எர்த் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகி அதில் 50 அலை ரீங்காரம் ஓடும். இதற்கு யாரோ ஒருவர் மூன்றாவது பின்னை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த ரீங்காரத்தை நிறுத்துவதற்காக, உயிரைக் காக்கிற கம்பியை எடுத்துவிடுகிறீர்கள். பேட்டரியில் ஓட்டுங்கள், வளையம் தானாக அறுந்துவிடும். பேட்டரி இல்லாத சாதனம் என்றால், சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை உள்ள இரண்டு பின் அடாப்டராக வாங்குங்கள். அது எர்த் இல்லாமலேயே பாதுகாப்பாக இருக்கும்படி இரட்டை இன்சுலேஷனில் செய்தது என்று அர்த்தம்.

கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிற இளைஞர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. சு மாய் என்பவர் வடிவமைத்த சி-மாய் என்கிற சர்க்யூட் உலகம் முழுவதும் பிரபலம். மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும், ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. அந்த 9 வோல்ட்டை நடுவில் பிரித்து, நாலரை மேலே, நாலரை கீழே என்று வைத்துக்கொண்டு, அந்த நடுப்புள்ளியைத்தான் ஹெட்ஃபோனின் பொதுக் கம்பியாகக் கொடுக்கிறது. அதாவது அடாப்டரின் கழித்தலும் பாட்டின் பொதுக் கம்பியும் ஒன்றல்ல. நடுவே நாலரை வோல்ட் வித்தியாசம். இங்கேதான் வினை. கரண்ட் போனால் வைஃபை ரூட்டரை ஓட்டுவதற்கு, யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை 9-ஆகவோ 12-ஆகவோ ஏற்றுகிற ஒரு கேபிள் கடையில் கிடைக்கிறதல்லவா? அதைப் பவர்பேங்கில் செருகி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அதே பவர்பேங்கிலிருந்து செல்ஃபோனுக்கும் சார்ஜ் போட்டு, அந்தச் செல்ஃபோனிலிருந்தே பாட்டும் கேட்டால், கழித்தலும் பொதுக் கம்பியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பாதி சப்ளை ஷார்ட். ஒலி சிதறும், உள்ளே பாகம் சூடாகும். சி-மாய் மாதிரிச் சாதனத்துக்குத் தனி அடாப்டர், அதில் வேறு எதுவும் மாட்டக் கூடாது. பழைய 9 வோல்ட் பேட்டரியின் தலையைப் பிய்த்து அடாப்டர் வயரில் பற்றவைத்து இணைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யும்போது கிளிப்பின் கூட்டல் கழித்தலில் தடுமாற்றம் வரும், மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே மாட்டுங்கள்.

டைப்-சி சாக்கெட் உள்ளவர்களுக்குக் கவலை குறைவு. 65 வாட் சார்ஜரை மாட்டினால் கருகிவிடாதா என்று கேட்கிறார்கள். கருகாது. சாதனம் கேட்காதவரை அது 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. சில மலிவு ஆம்ப்ளிஃபயர்களில் டைப்-சி சாக்கெட் இருந்தும், இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. சாக்கெட்டுக்குள் வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் போடுங்கள், ஏறும்.

நம் குடியிருப்புக்கென்று சில விஷயங்கள். கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டர், பிறகு ஜெனரேட்டர் என்று மாறுகிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்களின் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உறுமும், சூடாகும், வோல்ட்டும் குறைந்து வரும். காரணம், நல்ல மின்சாரத்தின் அலை உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடும்; ஸ்கொயர் வேவில் அந்த உச்சம் 230-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஓ-2 மாதிரி ஏ.சி. கேட்கிற சாதனங்களுக்கு அப்போது பற்றாக்குறை ஆகலாம். எஸ்.எம்.பி.எஸ். அடாப்டருக்கு இது பெரிய விஷயமில்லை. ஜெனரேட்டர் மாறுகிற நேரத்தில் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வரும், காதுக்கு நல்லதல்ல.

உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால்கனிக் கம்பியைப் பார்த்தாலே தெரியும். அதே காற்று அடாப்டர் பின்னிலும் வேலை செய்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வோல்ட் பாதியிலேயே நின்றுவிடும், கரகர சத்தமும் வரும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் மருந்துக்கடையிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும். சுவரிலிருந்து கழற்றிய பிறகு பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இன்னும் வேகமாகப் பூக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் நனைந்த அடாப்டர்களைக் காயவைத்து வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெயிலில் காய்ந்தது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பும் சேறும் உள்ளேயே, நான் சொன்ன அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் படிந்து கிடக்கிறது. ஈரக்காற்று அடிக்கிற ஒரு நாள் அது வழியாகிவிடும். வேலை செய்கிறதே என்று பார்க்காதீர்கள், அவற்றை இ-வேஸ்ட்டில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, வயதானவர்களுக்கு. சத்தம் போதவில்லை என்று பெரிய ஆம்ப்ளிஃபயருக்கும் பெரிய அடாப்டருக்கும் போகிறீர்கள். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்க 0.18 வோல்ட் போதும், செல்ஃபோனே கொடுத்துவிடும். ஸ்டுடியோவில் வைத்திருக்கிற 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அதே ஒரு மில்லிவாட்டுக்கு 0.55 வோல்ட் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். சாதாரண ஹெட்ஃபோனில் வால்யூம் முழுதாக வைத்தும் பேச்சு புரியவில்லை என்றால் குறை மின்சாரத்தில் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் காது மெஷின் அல்ல.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே ஹாலில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருப்பேன். டிராயரில் கிடக்கிற அடாப்டர்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சாதனத்தையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். அளந்து, வோல்ட்டையும் கூட்டல் கழித்தலையும் பெரிய எழுத்தில் எழுதி, எந்தச் சாதனத்துக்கு என்று ஒட்டித் தருகிறோம். தேறாதவற்றைப் போட ஒரு பெட்டி இருக்கும். பேட்டரி ஊதியிருக்கிற எதையும் லிஃப்டில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இன்டர்காமில் கூப்பிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.